அந்த ஆல்பத்தின் கடைசி ஏழு நிமிடம்

முப்பது முப்பத்தைந்து வருடங்களாக நான் ஒரே ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு அறிவாளியாகக் காலம் தள்ளியவன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சோற்றுக்கு வேறு வேலை இருந்தது, அதைச் சொல்லவில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் இசை என்று பேச்சு வந்ததும் யாராவது என் பக்கம் கையைக் காட்டி, "அவர்கிட்ட கேளுங்க" என்பார்களே, அந்தக் கௌரவத்தைச் சொல்கிறேன். அதற்கு நான் போட்ட முதல் மொத்தமும் ஒரு கேசட். அதிலும் ஒரு பக்கம்தான். மறுபக்கத்தில் அக்காவுக்காகப் பதிந்த சினிமாப் பாட்டுகள் இருந்தன. அவற்றைப் பற்றி நான் வெளியில் மூச்சு விட்டதில்லை.

எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. மயிலாப்பூரில் வளர்ந்தும் ராகம் கண்டுபிடிக்க வராது. கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரர் தலையை அசைத்தால், சற்றுத் தாமதித்து நானும் அசைப்பேன். இப்படிப்பட்டவனுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டியிருந்தது, யாரும் வந்து பரீட்சை வைக்க முடியாத இடமாக. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஐந்து பையன்கள் சேர்ந்து ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். அது விற்கவில்லை. அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்த ஆல்பம்தான் நான் பட்டா போட்டுக்கொண்ட இடம்.

புராக்ரஸிவ் ராக் என்று அந்த வகைக்குப் பெயர். பாட்டு என்றால் நாலு நிமிடத்தில் முடியவேண்டும் என்ற நல்லொழுக்கத்தை மீறி, இருபது நிமிடம் போகும். நடுவில் தாளம் மாறும். பாடகர் காணாமல் போவார். ஒருவர் திடீரென்று புல்லாங்குழலை எடுப்பார். ஆர்கன் வாசிப்பவர் தான் சிறுவயதில் சர்ச்சுக்கு ஒழுங்காகப் போனதை நினைவூட்டுவார். பாட்டின் வரிகளில் ஒரு கோபுரம், ஒரு கடல், தூக்கம் வராத ஒரு ராஜா. 'முடி வளர்த்த பையன்கள் ராகம் தானம் பல்லவியை மின்சாரத்தில் செய்தால் எப்படியிருக்கும், அப்படி' என்று நான் விளக்குவது வழக்கம். இரண்டையும் அறியாதவனுக்குத்தான் இப்படி ஓர் உவமை வாய்க்கும்.

கேசட் கிடைத்தது தி. நகரில். நான் கல்லூரியில் படித்தபோது, பாண்டி பஜாரிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், மாடியில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. நாம் வெற்று கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாட்டுகளைச் சொன்னால், இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். கடைக்குப் பின்னாலேயே கடைக்காரரின் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும். அதற்கு அந்தப் பக்கமிருந்து தாளிக்கும் வாசனையும் குழந்தைகளின் சண்டையும் வரும். இந்தப் பக்கம் நாங்கள் மேற்கத்திய இசை கேட்போம்.

யாரோ ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது விற்ற இசைத்தட்டுக் குவியலில் அந்த ஆல்பமும் அவரிடம் வந்திருந்தது. அட்டை இல்லை, ஒரு பழுப்பு உறைதான். "இது இன்னான்னே எனக்குப் புரியல தம்பி. ஒருத்தனும் எடுக்க மாட்றான். நீ எடுத்துக்கினு போ" என்றார். யாரும் எடுக்காதது என்ற ஒரு தகுதி எனக்குப் போதுமானதாக இருந்தது. தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் அந்த ஆல்பத்தைப் பதிந்து தந்தார். கையில் கொடுக்கும்போது, எல்லோருக்கும் சொல்வதை எனக்கும் பெருமையாகச் சொன்னார்: "நம்ம கடையில எடம் காலியா வுட்டுத் தர்ற பழக்கமே கெடையாது."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதை வேறொரு காரியத்துக்காகத் தயார்செய்துகொண்டிருந்தேன்.

ஆல்பத்தின் முதல் முப்பத்தெட்டு நிமிடம் எனக்கு மரியாதையை உண்டாக்கியது. பெரிய மனிதர்கள் பேசும்போது நாம் கேட்டுக்கொண்டிருப்போமே, அந்த மாதிரி மரியாதை. என்னைக் கவிழ்த்தது கடைசி ஏழு நிமிடம். பெரிய முழக்கத்தோடு எல்லாம் அடங்கும். சற்று நேரம் அமைதி. பிறகு தனியாக ஓர் ஆர்கன் எழும். தயங்கும், நிற்கும், வந்த வழியே திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிக்கும். எங்கோ போக நினைத்து வழி தெரியாமல் ஒரே சந்தில் சுற்றிவரும். அப்போது தொலைவில் ஓர் ஊதல். ஆர்கன் திடுக்கிட்டு நிற்கும். மறுபடி தொடங்கும். மறுபடி ஊதல். மூன்றாவது ஊதலுக்குப் பிறகு வாத்தியம் இரண்டே சுரங்களைச் சொல்லி ஓய்ந்துவிடும்.

எங்கள் வீட்டு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் இதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். ஒருமுறை அல்ல.

பிற்பாடு ஒரு சிற்றிதழில் இதைப் பற்றி ஒன்பது பக்கக் கட்டுரை எழுதினேன். தூக்கம் வராத ராஜா என்பது சாம்ராஜ்யத்தை இழந்த இங்கிலாந்து என்றும், மூன்று ஊதல்களும் மூடப்பட்ட ஆலைகளின் சங்கு என்றும், வேலைக்கு அழைக்கும் சங்கு ஒலிக்கிறது, போக ஆள் இல்லை என்றும் எழுதினேன். அந்தத் தடுமாறும் ஆர்கனை 'வழிதவறிய ஒரு நாகரிகத்தின் மனசாட்சி' என்று குறிப்பிட்டிருந்தேன். இலக்கியக் கூட்டம் ஒன்றில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தைப் படித்தபோது மார்பு அடைத்துவிட்டது என்றார். அவர் ஆல்பத்தைக் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை. மறுத்துப் பேச ஆளில்லாத துறையில் நான் நிபுணனாக இருந்தேன். தமிழ்நாட்டில் இது புதிய ஏற்பாடும் அல்ல.

காலப்போக்கில் டூ-இன்-ஒன் செத்தது. கேசட் இரும்பு பீரோவில் பத்திரங்களோடு போய்ச் சேர்ந்தது. கைபேசியில் இசை கேட்பது அந்த ஆல்பத்துக்கு அவமரியாதை என்று சொல்லிவந்தேன். உண்மையில் கைபேசியில் அது கிடைக்கவில்லை. பதினைந்து வருடங்களுக்கு மேல் அதைக் கேட்காமலேயே அதைப் பற்றிப் பேசினேன். கேட்காமல் பேசுவது கேட்டுவிட்டுப் பேசுவதைவிடச் சரளமாக வந்தது.

போன வருடம் மயிலாப்பூர் நண்பன் தொலைபேசியில் கூப்பிட்டான். கல்லூரித் தோழன். வங்கியில் பெரிய பதவியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, ஆயுளின் மிச்சத்தை ஒலிபெருக்கிகளுக்கு ஒப்படைத்தவன்.

"டேய், உன் ஆல்பம் வந்துடுத்துடா! வெளிநாட்டுல எவனோ ஒரிஜினல் டேப்பக் கண்டுபிடிச்சு மறுபடி இசைத்தட்டாவே போட்டிருக்கான். எங்காத்துக்கு வந்தாச்சு. வர ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். நீதான் பேசணும்."

'வச்சுக்கலாம்' என்றது இசை கேட்கும் கூட்டத்தை. மாதம் ஒரு ஞாயிறு காலை, லஸ்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அவன் ஃபிளாட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கூடுவோம். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எங்கள் மனைவிமார்கள் இதைப் பஜனை என்று குறிப்பிடுவார்கள். தவறில்லை, சுண்டலும் உண்டு.

நண்பனின் கூடத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு நிற்கின்றன. அவற்றுக்குப் போகும் ஒயர் வெள்ளியால் ஆனது. அது தரையில் படக்கூடாது என்று சிறுசிறு மரக்கட்டைகள் மேல் படுக்கவைத்திருக்கிறான். மின்வாரியம் தரும் மின்சாரம் சுத்தமில்லை என்பதற்காகக் குடியிருப்பின் தோட்டத்தில் தனியாக ஒரு எர்த் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, வாட்ச்மேனை விட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறான். தினமும் தண்ணீர் ஊற்றப்படும் இடமாயிற்றே என்று குடியிருப்பில் யாரோ அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். இப்போது செவ்வாய், வெள்ளிகளில் பூவும் வைக்கிறார்கள். அதனால் சத்தம் இன்னும் தெளிந்திருப்பதாக நண்பன் ஒருமுறை சொன்னான். விளையாட்டாகச் சொன்னானா என்று தெரியவில்லை.

அன்று நான் சந்தன நிற ஜிப்பா போட்டுக்கொண்டு போனேன். ஆல்பம், என் கணக்கில், நாற்பத்தைந்து நிமிடம். என் அறிமுக உரை ஐம்பது. இங்கிலாந்தின் ஆலைகளைப் பற்றி, பார்த்தவன் மாதிரி பேசினேன். "எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க. எழுந்திருக்காதீங்க. அதுக்கப்புறம்தான் விஷயமே இருக்கு" என்று முடித்தேன்.

ஊசி இறங்கியது. முதல் பக்கம் ஓடியது. திருப்பிப் போட்டான். கோபுரம், கடல், ராஜா எல்லாம் வந்து போயின. கடைசி முழக்கம் அடங்கியது. நான் ஒரு கையை உயர்த்தி, யாரும் அசையவேண்டாம் என்று சைகை செய்தேன்.

எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். ஊசி தட்டின் கடைசி வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. டிக். டிக். டிக். நெடுநேரம் அப்படியே இருந்தோம். ஒருவர் மெல்லத் தலையை ஆட்டத் தொடங்கினார். இன்னொருவர் தொடையில் தாளம் போட்டார். கோபாலபுரத்திலிருந்து வருபவர் ஒருவர், "என்ன ஒரு கட்டுப்பாடு!" என்று முணுமுணுத்தார்.

நண்பன்தான் எழுந்துபோய்ப் பார்த்தான். "டேய், முடிஞ்சுபோச்சுடா. வெறும ஊசி சுத்திண்டிருக்கு" என்றான்.

தாளம் போட்டவர் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வெட்டிட்டாங்க" என்றேன்.

"யாரு?"

"இந்தப் புதுக் கம்பெனிக்காரன். கடைசிப் பகுதிய வெட்டிட்டான். அதுல அரசியல் இருக்கு."

கூட்டத்தில் அடையாற்றுக்காரர் ஒருவர் உண்டு. கட்டடப் பொறியாளராக இருந்தவர். எதையும் ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். அவர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார். "சார், தப்பா நினைக்காதீங்க. அந்தக் காலத்து ஒரிஜினல் தட்டுலயும் இதே முப்பத்தெட்டு நிமிஷம்தான்னு போட்டிருக்கான். அப்படி ஒரு பகுதி இருக்கறதா எங்கயுமே இல்லையே?"

"என்கிட்ட இருக்கு" என்றேன்.

"எது?"

"ஆதாரம். கேசட்."

அடையாற்றுக்காரர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப அடுத்த மாசம் கொண்டு வாங்க சார். கேட்டுடுவோம்" என்றார். குரலில் மரியாதை இருந்தது. நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் கடைக்காரர்கள் காட்டும் மரியாதை.

லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு வீடு வரும்வரை எனக்கு உடம்பு கொதித்தது. அந்த ஏழு நிமிடம் இருக்கிறதா இல்லையா என்பது ஆல்பத்தைப் பற்றிய கேள்வியாக எனக்குப் படவில்லை. 'அவர்கிட்ட கேளுங்க' என்று கை காட்டப்படும் ஆசாமியாக நான் சாவேனா, சும்மா ஒரு ஓய்வுபெறப் போகும் ஆசாமியாகச் சாவேனா என்பதுதான் கேள்வி. ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது. கேசட்டில் அது இருக்கிறது. நான் என்ன, கனவா கண்டேன்?

வீட்டில் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எது, கடைசில அந்த ஊதல் சத்தம் வருமே, அதையா இல்லங்கிறாங்க?"

"ஆமா. வெட்டிட்டான்."

அவள் ஒரு காம்பைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு காம்பைத் தட்டில் போட்டுவிட்டு, "சாப்பிடுறீங்களா?" என்றாள்.

கேசட் இருந்தது, ஓடவைக்க இயந்திரம் இல்லை. என் மனைவியின் அண்ணன் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். காலையில் கடை திறந்ததும் பக்திப் பாடல் போடுவதற்காக அவர் இன்னும் ஒரு பழைய டேப் டெக்கைக் காப்பாற்றி வைத்திருந்தார். போய்க் கேட்டேன்.

"எதுக்கு மாப்ள? ஏதும் கோர்ட்டு கேஸா?"

"இல்ல மச்சான், ஒரு கேசட்ட நாலு பேர் முன்னால போட்டுக் காட்டணும்."

"அப்ப கேஸ்தான். யாரு பேசுனது அதுல?"

"யாரும் பேசல. பாட்டு."

"பாட்டக் கேக்குறதுக்கா இவ்வளவு வெசனப்படுதீய?" அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். "தாரேன். ஆனா தங்கச்சி கூட வரட்டும். ஒங்கள நம்பி கரண்டு சாமான் தரமுடியாது. நம்ம வீட்டு கிரைண்டருக்கு நடந்தத நான் மறக்கல."

அடுத்த கூட்டத்துக்கு மனைவியும் வந்தாள். பஜனைக்கு ஒரு பெண் வருவது அதுவே முதல்தடவை. சேலைத் தலைப்பில் சுற்றிய டெக்கை மடியில் வைத்துக்கொண்டு, நண்பன் காட்டிய நடு நாற்காலியில் உட்காராமல், சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று கூட்டமும் அதிகம். கழுவில் ஏற்றுகிறார்கள் என்றால் நம் ஊரில் நாற்காலி போதாது.

நண்பன் ஜவுளிக்கடை டெக்கைத் தன் வால்வு ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்தான். இரண்டுக்கும் சம்பந்தம் பேசும்போது அவன் முகத்தில் பெண்ணைப் பெற்றவனின் துயரம் இருந்தது. நான் இந்த முறை உரை எதுவும் ஆற்றவில்லை. "கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். அது கம்பீரமாக இருந்ததாக நினைத்தேன்.

முப்பத்தெட்டு நிமிடமும் நான் அடையாற்றுக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழக்கம் அடங்கியது. அமைதி. நாடாவின் இரைச்சல். பிறகு, இடதுபக்க ஸ்பீக்கரிலிருந்து, தயங்கித் தயங்கி, ஆர்கன்.

"இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். அடையாற்றுக்காரரின் வாய் திறந்து நின்றது. நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த ஒன்றரை நிமிடம் அது. அதற்குப் பிறகு முதல் ஊதல் வந்தது.

எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னின் ஒற்றை ஸ்பீக்கர், கைக்குட்டையைப் போட்டு மூடிய வாய் மாதிரி. அதில் அந்த ஊதல் மூடுபனிக்குள்ளிருந்து வரும். இப்போது வெள்ளி ஒயரும் சுத்தமான மின்சாரமும் குங்குமம் வைத்த எர்த் குழியும் சேர்ந்து, மூடுபனியை ஒரே இழுப்பில் விலக்கிவிட்டன. ஊதலுக்கு முன்னால் புஸ்ஸென்று ஆவி சேர்வது கேட்டது. பிறகு அது எழும்பி, உச்சியில் நின்று, தன் வெயிட்டோடு மெல்ல இறங்கியது.

நண்பன் எரிச்சலோடு உள்பக்கம் திரும்பினான். "அடியே, அந்தக் குக்கரச் சித்த நிறுத்தேன்! முக்கியமான எடத்துல மானம் போறது."

அவன் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "என்ன குக்கர்? நான் அடுப்பே பத்தவைக்கலையேன்னா. இன்னிக்கு மெஸ்லேர்ந்து கேரியர்தானே வரப்போறது?"

"அப்ப யாராத்து விசில் இது?"

இரண்டாவது விசில் வந்தது. எல்லோருடைய தலைகளும் ஒரே சமயத்தில் இடதுபக்க ஸ்பீக்கரை நோக்கித் திரும்பின. பல வருடங்களாக அந்தக் கூடத்தில் 'ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வருகிறது என்று விரலை வைத்துக் காட்டலாம்' என்று பேசிவந்திருக்கிறோம். அன்றுதான் முதல்முறையாக அதை எல்லோரும் சேர்ந்து செய்தோம்.

"ஆலைச் சங்கு" என்றார் கோபாலபுரத்துக்காரர். எனக்கு உதவி செய்ய நினைத்தார், பாவம்.

"அஞ்சு லிட்டர் இருக்கும்" என்றாள் நண்பனின் மனைவி.

ஆர்கன் இதற்கிடையில் தன் சந்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் தெளிவாகத் தெரிந்தது. கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் குழுக்கள் எதைப் பாடினாலும் முதலில் பிள்ளையாருக்கு ஒன்று பாடுவார்களே, அந்த மாதிரி ஒரு பாட்டின் இடையிசை. யாரோ ஒரு பிள்ளை அதை வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறான். நாலு சுரம் வரை ஒழுங்காக வருகிறது. ஐந்தாவதில் வழுக்குகிறது. மறுபடி முதலிலிருந்து. நான் மனசாட்சி என்று எழுதியது அந்த ஐந்தாவது சுரத்தைத்தான்.

மூன்றாவது விசில் அடங்கியபோது, இத்தனை வருடங்களில் நான் ஒருமுறைகூடக் கேட்டிராத ஒன்று கேட்டது. ஒரு பெண் குரல், அறைக்கு அந்தப் பக்கமிருந்து, நம் தலைக்குப் பின்னால் நின்று கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு துல்லியமாக:

"இன்னா நைனா, வாசிச்சிக்கினே கீற? சோறு ஆறிப்போவுது, எய்ந்து வா!"

ஆர்கன் இரண்டு சுரங்களைப் போகிற போக்கில் தட்டியது. மூடியைச் சாத்தும் சத்தம். டெக்கின் பித்தான் டக்கென்று மேலே எழும்பியது.

அந்த ரெக்கார்டிங் கடையின் திரைச்சீலை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தாளிக்கும் வாசனையும். இடம் காலியாக விடுவதில்லை என்று கடைக்காரர் சொன்னபடிதான் செய்திருக்கிறார். ஆல்பம் முடிந்த பிறகு நாடாவில் இடம் மிச்சம் இருந்திருக்கிறது. வீட்டில் தம்பியோ பிள்ளையோ வாசித்ததைப் பிடித்துவைத்தது கையில் இருந்திருக்கிறது. நிரப்பிவிட்டார். அவர் கடையில் கேசட் வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்குப் பாட்டு முடிந்ததும் இதே மாதிரி எதையாவது போட்டுத் தந்திருப்பார். அவர்களெல்லாம் பித்தானை அமுக்கிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். ஒன்பது பக்கம் எழுதியவன் நான் ஒருவன்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. நண்பன் வெள்ளி ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறைக்குள்ளிருந்து மட்டும் அவன் மனைவி இருமுவது போல ஒரு சத்தம் வந்தது; அது இருமல் அல்ல.

கடைசியில் அடையாற்றுக்காரர்தான் பேசினார். "சார், ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றேன். என்னிடம் இழக்க எதுவும் பாக்கி இல்லை.

"ஆல்பத்தவிட இது நல்லா இருக்கு சார்."

"ஆமா" என்றார் கோபாலபுரத்துக்காரர். "அந்த அம்மா குரல் வர்ற எடம்... உடம்பு சிலிர்த்துப்போச்சு."

அவ்வளவுதான், கூடம் பிடித்துக்கொண்டது. அன்றாட வாழ்வு கலைக்குள் அத்துமீறி நுழைகிறது என்றார் ஒருவர். குக்கருக்கும் ஆர்கனுக்கும் சுருதி சேர்கிறது என்றார் இன்னொருவர். மறுபடி ஒருமுறை போட்டார்கள். ஆல்பத்தை விட்டுவிட்டு அந்த ஏழு நிமிடத்தை மட்டும். கணினியில் ஏற்றி எல்லோருக்கும் அனுப்பவேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. பிறகு அடையாற்றுக்காரர் ஒரு பேனாவைத் திறந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வாசிச்சது யாரு சார்? உங்களுக்குத்தானே தெரியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஐந்து ஆங்கிலேயப் பையன்களின் பெயர்கள், அவர்கள் படித்த பள்ளிக்கூடம், டிரம்ஸ் வாசித்தவர் பிற்பாடு பல் மருத்துவரான கதை எல்லாம் எனக்கு மனப்பாடம். ஐந்தாவது சுரத்தில் வழுக்கிய பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தக் கடை இருந்த மாடியில் இப்போது லெக்கிங்ஸ் விற்கிறார்கள். மாதம் இரண்டு முறையாவது அதைக் கடந்து போகிறேன். ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

"தெரியாது" என்றேன்.

அந்தக் கூடத்தில் நான் அந்தச் சொல்லை உச்சரித்தது அதுதான் முதல் தடவை. அடையாற்றுக்காரர் பேனாவை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குக்கரைப் பற்றி நண்பனின் மனைவியிடம் கேட்கத் தொடங்கினார்கள். அவள் நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்தாள். பருப்பா, சோறா என்பதை விசிலின் கனத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்றாள். அடையாற்றுக்காரர் பேனாவை மறுபடி திறந்தார்.

நானும் மனைவியும் ஆட்டோ பிடித்தோம். டெக் அவள் மடியில் இருந்தது. லஸ்ஸில் தடுப்புகளுக்கு நடுவில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன்:

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"என்னது?"

"குக்கர்."

"கல்யாணமான மொத வாரமே தெரியும். நீங்க கண்ண மூடிக்கிட்டு அத போட்டுக் கேட்டீங்க. நான் அடுப்ப அணைக்கலையோன்னு எந்திரிச்சு ஓடுனேன். ரெண்டாவது நாளும் ஓடுனேன். மூணாவது நாள்தான் பொட்டிக்குள்ளருந்து வருதுன்னு புரிஞ்சுது."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் டெக்கை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஏழு நிமிஷந்தாங்க நீங்க வீட்ல வாயத் தொறக்காம இருப்பீங்க. அத ஏன் கெடுத்துக்கணும்னு விட்டுட்டேன்."